முதல் தடவையா கையால ஒரு லெதர் ஸ்போரன் செய்யலாம் வாங்க: தோல் வாங்குறதுல இருந்து குஞ்சம் கட்டுற வரைக்கும்

ஸ்காட்லாந்துக்காரங்க போடுற கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித்துணி போகும், ஆனா அவ்வளவு துணியில ஒரு பாக்கெட் கூட கிடையாது. சாவி, பர்ஸ், போன் எல்லாம் எங்க வைக்கிறது? அதுக்குத்தான் முன்னாடி இடுப்புக்குக் கீழ ஒரு தோல் பை தொங்கும், அதான் ஸ்போரன். போட்டோல பாக்கும்போது அலங்காரச் சாமான் மாதிரி தெரியும், ஆனா அடிப்படையில அது பாக்கெட்டுதாங்க. செய்ய ஆரம்பிக்கும்போது இதை மட்டும் மறக்காதீங்க, ஏன்னா புதுசா செய்யறவங்க முக்கால்வாசி பேர் முகப்புல கெல்டிக் முடிச்சு செதுக்குறதுலயே முழு சக்தியையும் செலவு பண்ணிட்டு, பை வாயில கை நுழையாம, போன் உள்ள போகாம ஒண்ணை செஞ்சு வெச்சிட்டு முழிப்பாங்க.

எந்த மாதிரி ஸ்போரன் செய்யறது?

பொதுவா மூணு வகை சொல்லுவாங்க. டே ஸ்போரன்னா முழுக்க தோல், பிரவுன் இல்ல கருப்பு, முன்னாடி மூணு தோல் குஞ்சம், அவ்வளவுதான். டிரஸ் ஸ்போரன்னா ராத்திரி விருந்து, கல்யாணம் மாதிரி இடத்துக்கு, முன்பக்கம் ரோமத்தோல், மேல வெள்ளி மாதிரி உலோக வளைவு, அதை கேன்டில்னு சொல்லுவாங்க, குஞ்சத்துக்கு செயின் வேற. செமி டிரஸ் ரெண்டுக்கும் நடுவுல. இது போக பைப் பேண்டு, ராணுவ ரெஜிமென்ட்ல குதிரை முடி வெச்சு முழங்கால் பக்கம் வரைக்கும் தொங்குற பெரிய ஸ்போரன் உண்டு. 2006 வரைக்கும் தனி ரெஜிமென்ட்டா இருந்த ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலேண்டர்ஸ் ஆபீசர்ங்க ஸ்போரன்ல பேட்ஜர்ங்கிற மிருகத்தோட தலையே இருந்துச்சு.

ரோமம் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க. ரோமத்தோலை வெட்டுற முறையே வேற, பின்பக்கத்துல இருந்து பிளேடால தோலை மட்டும் கீறணும், கத்திரி போட்டா முடியும் சேர்ந்து போயிடும். அதோட சீல் மாதிரி மிருகத்தோலுக்கு ஐரோப்பாவுல கடுமையான சட்டம் எல்லாம் இருக்கு. கேன்டிலும் வேணாம், உலோகத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி பையோட வாயை பிடிக்கிறது தனி வேலை. பழைய ஸ்போரன்னு பாத்தா அதுவே மான்தோல், கன்னுக்குட்டித் தோல்ல வார் கோத்து வாயை இழுத்து மூடுற சாதாரண பைதான். பித்தளை வாய் எல்லாம் பின்னாடி வந்துச்சு. அதுல ஒண்ணு எடின்பரோ தேசிய மியூசியத்துல இருக்கு, 18ஆம் நூற்றாண்டு சாமான், பையோட வாயைப் பூட்டுற உலோகக் கிளாஸ்ப்குள்ள நாலு குட்டி பிஸ்டல் ஒளிச்சு வெச்சிருப்பாங்க, தெரியாதவன் கைய வெச்சா வெடிக்கும். அப்புறம் 1746ல வந்த சட்டம் ஹைலேண்ட், அதாவது ஸ்காட்லாந்து மலைப்பகுதி உடையையே தடை பண்ணிச்சு, 1782ல அதை எடுத்தாங்க, 1822ல நாலாம் ஜார்ஜ் ராஜா எடின்பரோவுக்கு கில்ட் போட்டுட்டு வந்ததுக்கு அப்புறம் திரும்ப ஃபேஷனாகி, விக்டோரியா காலத்துல ஸ்போரன் ஊதி ஊதி பெருசாச்சு. நாம செய்யப்போறது இந்த ஆடம்பரம் எதுவும் இல்லாத டே ஸ்போரன். கீழ U மாதிரி வளைவு, மேல ஒரு மூடி, மூணு குஞ்சம்.

தோல்

இதுக்கு வேணுங்கிறது வெஜ் டேன், அதாவது மரப்பட்டை சாறுல பதப்படுத்துன தோல். குரோம் டேன், அதாவது குரோமியம் உப்புல பதப்படுத்துன தோல் மெத்துனு இருக்கும், ஷூ மேல்பாகம், சோபா, கார் சீட்டுக்கு நல்லாருக்கும், ஆனா அதை நனைச்சு வளைச்சா அந்த வளைவு நிக்காது, ஓரத்தை தேய்ச்சா பளபளப்பு வராது, அச்சு அடிச்சாலும் மறைஞ்சிடும். கடையில எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா வெட்டுன ஓரத்தைப் பாருங்க: வெஜ் டேன் நடுவுலயும் ஒரே மாதிரி பழுப்பா இருக்கும், குரோம்ல பெரும்பாலும் நடுவுல சாம்பல் நீலம் தெரியும். ஒரு சொட்டு தண்ணி விட்டாலும் தெரியும், சாயம் போடாத வெஜ் டேன் உடனே உறிஞ்சி கருத்துக்கும்.

இங்கிலாந்துல டெவன் பக்கம் கோலிட்டன்ல இருக்கிற பேக்கர் டேனரியில இன்னும் ஓக் மரப்பட்டையை ஊற வெச்சு ஒரு வருஷத்துக்கு மேல குழியில போட்டு பதப்படுத்துறாங்க, அருமையான தோல், விலையும் அப்படியே. முதல் ஸ்போரனுக்கு அது தேவையில்ல. நம்ம ஊர்ல இருந்து செய்யறீங்கன்னா திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டை போட்டு தோல் பதப்படுத்துன பாரம்பரியம் ரொம்ப பழசு, ஈ.ஐ. லெதர்னு அதுக்கு புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்காங்க. சென்னையில பெரியமேடு பக்கம் தோல் கடைங்க வரிசையா இருக்கு, ஆனா அங்க கண்ணுல படறது பெரும்பாலும் ஷூவுக்கும் பைக்குமான குரோம் தோல், அதனால வெஜ் டேன்னு கேட்டு, மேல சொன்ன மாதிரி ஓரத்தைப் பாத்து வாங்குங்க.

தடிமன் ரெண்டு விதமா வேணும். முன்பக்கம், பின்பக்கம், மூடிக்கு 2 மி.மீ. பக்கம். 3 மி.மீ.ல எடுத்தீங்கன்னா மூடி மடங்கவே மடங்காது. பக்கவாட்டுப் பட்டைக்கும் குஞ்சத்துக்கும் 1 முதல் 1.2 மி.மீ. தோலுக்கு அவுன்ஸ் கணக்கு சொல்ற கடையா இருந்தா ஒரு அவுன்ஸ்னா 0.4 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க, அப்போ 2 மி.மீ.ங்கிறது 5 அவுன்ஸ். தோலோட தோள் பகுதி, முதுகு, பின்தொடை பகுதி நல்லது. வயித்துப் பகுதி சீப்பா கொடுப்பாங்க, ஆனா இழுவும், ஒரே மாதிரி இருக்காது, அதை டெஸ்ட் பண்ணிப் பாக்க மட்டும் வெச்சுக்கோங்க.

சாமான்

கூரான கத்தி, ஸ்டீல் ஸ்கேல், வெட்டுறதுக்கு மேட், 4 மி.மீ. இடைவெளி டைமண்ட் உளி, அதாவது டைமண்ட் வடிவத்துல ஓட்டை போடுற பல்லு வெச்ச உளி ரெண்டு (ஒண்ணு ரெண்டு பல்லு, இன்னொண்ணு ஆறு பல்லு), நைலான் இல்ல மரச்சுத்தி, குத்தூசி, முனை மழுங்கின ரெண்டு ஊசி, 0.8 மி.மீ. மெழுகு போட்ட நூல், ஓரம் சீவுற எட்ஜ் பெவலர், கோடு போட ஒரு டிவைடர், ரெண்டு மூணு நம்பர்ல உப்புத்தாள், ஓரம் தேய்க்க மரக்கட்டை, சொல்யூஷன் பசை. இரும்புச் சுத்தியால உளியை அடிக்காதீங்க, உளித் தலை நசுங்கிடும். ஊசி கூரா இருக்கக்கூடாது, ஏன்னா ஓட்டையை உளியும் குத்தூசியும் போட்டுடும், ஊசி நூலை கொண்டுபோற வேலை மட்டும்தான், கூரா இருந்தா ஏற்கனவே போன நூலையே குத்திக் கிழிக்கும்.

பக்கிள், ஸ்டட் (மூடியைப் பூட்டுற குமிழ்) எல்லாம் கெட்டி பித்தளையா வாங்குங்க. மேல பித்தளை முலாம் பூசி உள்ள இரும்பா இருக்கிறது, முலாம் தேய்ஞ்சு தோல் ஈரமாச்சுன்னா இரும்பும், மரப்பட்டையில இருந்து தோல்ல ஏறுன டானினும் சேர்ந்து கருநீலக் கறை விழும், அது லேசுல போகாது. இதே காரணத்துக்காக ஈரத் தோல் மேல துருப்பிடிச்ச ஸ்கேல், இரும்பு கிளிப் எதையும் வெக்காதீங்க.

பேப்பர்ல வெட்டுறது

தடி அட்டை எடுத்துக்கோங்க. முன்பக்கத் துண்டு அகலம் 18 செ.மீ., உயரம் 19 செ.மீ. கீழ அரைவட்டம், ஆரம் 9 செ.மீ., அதுக்கு மேல ரெண்டு பக்கமும் 10 செ.மீ. நேரா போகும். பாதி வரைஞ்சு மடிச்சு வெட்டுங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும், கையால முழுசா வரைஞ்சா ஒரு பக்கம் எப்பவும் தொப்பை போடும்.

பின்பக்கமும் மூடியும் ஒரே துண்டு. கீழ அதே அரைவட்டம், அதே அகலம், உயரம் 20 செ.மீ., அதுக்கு மேல மடங்குறதுக்கு 3 செ.மீ., அதுக்கும் மேல மூடிக்கு 12 செ.மீ. மொத்தம் 35. மூடியோட முனையை வளைவாவோ லேசா கூம்பியோ உங்க ஆசைக்கு வெட்டிக்கலாம். முன்பக்கம் ஏன் 1 செ.மீ. கம்மின்னா மூடி மடங்கி வரும்போது அந்த ஓரம் இடிக்காம இருக்கணும், கையும் சுலபமா நுழையணும்.

பக்கவாட்டுப் பட்டையை கஸட்னு சொல்லுவாங்க, அகலம் 4 செ.மீ. ரெண்டு பக்கமும் 7 மி.மீ. மடிச்சு காது மாதிரி விடுவோம், நடுவுல மிச்சம் இருக்கிற 2.6 செ.மீ.தான் பையோட ஆழம். நீளம் முன்பக்கத் துண்டோட தையல் கோட்டுல ஒரு நூலை ஓட்டி அளந்துக்கோங்க, இந்த அளவுக்கு 47 செ.மீ. பக்கம் வரும், ஆனா 52 வெட்டுங்க, மிச்சத்தை கடைசியில நறுக்கலாம், குறைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

தோலைத் தொடுறதுக்கு முன்னாடி இந்த அட்டையை டேப் போட்டு ஒட்டி ஒரு டம்மி பை செஞ்சு, உங்க போனை உள்ள போட்டு, மூடியை மூடி, இடுப்புல கயிறு கட்டி கண்ணாடி முன்னாடி நில்லுங்க. இப்போ வர்ற போனுங்க 16 செ.மீ. நீளம், கீழ வளைவா இருக்கிறதால நேரா நிக்காது, குறுக்கத்தான் போகும். உங்க போன் ரொம்ப பெருசுன்னா அகலத்தை ஒரு செ.மீ. கூட்டிக்கோங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஆரத்தையும் கஸட்டையும் மாத்தணும்.

வேலையோட வரிசை

ஸ்போரன் செய்யறதுல சூட்சுமம்னு ஒண்ணு இருக்குன்னா அது கைத்திறமை கூட இல்ல, வரிசை. தோல் தட்டையா இருக்கும்போது செய்ய வேண்டியது எல்லாத்தையும் தட்டையா இருக்கும்போதே முடிச்சிடணும். பை ஆனதுக்கு அப்புறம் உள்ள சுத்தி விட்டு அடிக்க முடியாது, பின்பக்க லூப் தைக்க கை போகாது, பசை பட்ட இடத்துல சாயம் ஏறாது. அதனால வெட்டு, செதுக்கல், ஓட்டை, சாயம், உள் ஓரம் தேய்ப்பு, பின்பக்க லூப், இது எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பசை டப்பாவைத் திறக்கணும். ஸ்டட்டும் குஞ்சமும் மட்டும் விதிவிலக்கு, ரெண்டும் கடைசி.

வெட்டு

அட்டையை தோலோட வழவழப் பக்கம் வெச்சு குத்தூசி முனையால லேசா கோடு போடுங்க, பேனா வேணாம், அது போகாது. நேர்கோட்டை ஸ்கேல் வெச்சு, ஒரே அழுத்துல வெட்டப் பாக்காம ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. வளைவுல கத்தியைத் திருப்பாதீங்க, கத்தி ஒரே இடத்துல இருக்கட்டும், தோலைத் திருப்புங்க. ஸ்கேலைப் பிடிக்கிற கை எப்பவும் கத்தி போற பாதைக்கு வெளிய இருக்கணும், தோல் கத்தி விரலை எலும்பு வரைக்கும் இறக்கும். மொட்டைக் கத்திதான் ஜாஸ்தி ஆபத்து, வழுக்கும், அதனால அப்பப்போ தீட்டிக்கோங்க.

முகப்பு அலங்காரம்

என்னைக் கேட்டா முதல் ஸ்போரன்ல மூடி ஓரத்தை ஒட்டி ஒரே ஒரு கோடு போதும். டிவைடரை 5 மி.மீ.ல வெச்சு, ஈரத் தோல்ல அழுத்தி இழுத்தா அழகா விழும். முடிச்சு டிசைன் போட்டே ஆகணும்னா தோலை ஸ்பாஞ்சால நனைச்சு, கருத்த நிறம் திரும்ப கிட்டத்தட்ட பழைய நிறத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க, ஆனா தொட்டா குளுகுளுனு இருக்கணும், அந்தப் பதத்துலதான் அச்சு நல்லா இறங்கும். சொட்டச் சொட்ட இருந்தா அச்சு கரைஞ்ச மாதிரி ஆகும், காஞ்சிருந்தா இறங்காது. டிசைனை டிரேஸிங் ஷீட் வழியா பதிச்சு, சுழல் கத்தியால (தோல் செதுக்குற, திருப்பித் திருப்பி ஓட்டுற கத்தி) தடிமன்ல பாதிக்கும் குறைவா கீறி, கோட்டுக்கு ஒரு பக்கத்தை மட்டும் பெவலர் அச்சால தாழ்த்தணும், இது ஓரம் சீவுற பெவலர் இல்ல, சுத்தியால தட்டுற அச்சு. கெல்டிக் முடிச்சுல ஒரு இழை இன்னொரு இழைக்கு மேல போச்சுன்னா அடுத்த சந்திப்புல கட்டாயம் கீழ போகணும், மேல கீழ மேல கீழன்னு மாறி மாறி வரணும், பென்சில்லயே ஒவ்வொரு சந்திப்பையும் குறிச்சிடுங்க, ஒரு இடம் தப்புனா மொத்த முடிச்சும் அவிழ்ந்த மாதிரி தெரியும்.

தையல் ஓட்டை

முன்பக்கத் துண்டையும் பின்பக்கத் துண்டையும் சொரசொரப் பக்கம் உள்ள வர்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, கீழ் வளைவு சரியா பொருந்துதான்னு பாத்து, டேப் போட்டு நகராம பண்ணுங்க. ஓரத்துல இருந்து 4 மி.மீ. உள்ள டிவைடரால கோடு. கீழ நடு மையத்தை குறிச்சு அங்க முதல் ஓட்டை, அங்க இருந்து ரெண்டு பக்கமும் மேல ஏறுங்க. அடுத்தடுத்து அடிக்கும்போது உளியோட முதல் பல்லை கடைசியா போட்ட ஓட்டையில வெச்சுக்கிட்டே போனா இடைவெளி மாறாது. வளைவுல ரெண்டு பல்லு உளி, நேர்ல ஆறு பல்லு. ரெண்டு துண்டையும் சேர்த்து ஒண்ணா அடிக்கிறதால ரெண்டுலயும் ஓட்டை எண்ணிக்கை தானா ஒண்ணா வந்துடும், இதுதான் முக்கியம், தனித்தனியா அடிச்சா ஒண்ணு ரெண்டு கூடக்குறைய ஆகி கடைசியில பை ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு நிக்கும். உளியை நேரா பிடிங்க, சாஞ்சா கீழ்த் துண்டுல ஓட்டை ஓரத்துக்கு ஓடிடும். கஸட்டுல இப்போ ஓட்டை போட வேணாம்.

மூடியில குஞ்சத்துக்கு மூணு ஜோடி சின்ன ஓட்டை, ஓரத்துல இருந்து 3 செ.மீ. மேல, பஞ்ச் வெச்சு போட்டுடுங்க.

சாயம்

வெட்டுன மிச்சத் துண்டுல முதல்ல பூசி காய விட்டுப் பாருங்க, டப்பா மேல போட்டிருக்கிற நிறமும் தோல்ல வர்ற நிறமும் ஒத்துப்போகவே போகாது. ஒரே கோட்டிங்கா தடிச்சுப் பூசாம, துணியில கொஞ்சமா தொட்டு வட்டமா ரெண்டு மூணு தடவை. காஞ்சதும் சுத்தமான துணியால துணியில நிறம் ஒட்டாத வரைக்கும் துடைச்சுக்கிட்டே இருங்க. இதை அசால்டா விட்டீங்கன்னா பின்பக்கத்துல இருக்கிற கருப்பு சாயம் கில்ட் மேல ஒட்டும், வாடகைக்கு எடுத்த கில்ட்டுன்னா தீர்ந்துச்சு கதை. என் பழக்கம், பின்பக்கத்துல கில்ட்டைத் தொடுற பகுதிக்கு சாயமே போடறதில்ல, எண்ணெய் மட்டும். யார் கண்ணுக்கும் தெரியப்போறதில்ல, பழகப் பழக அதுவே பழுப்பாகிடும். சாயம் காஞ்சதும் நீட்ஸ்ஃபூட் எண்ணெய் (மாட்டுக்கால்ல இருந்து எடுக்கிற தோல் எண்ணெய்) லேசா ஒரு கை, ஒரு ராத்திரி விடுங்க. சாயம் தோலை வறட்டும், எண்ணெய் விடலனா மூடி மடங்குற இடத்துல வெடிப்பு விழும். அதுக்கு மேல மெழுகு இல்ல அக்ரிலிக் ஃபினிஷ் ஒரு கோட். பசை ஒட்டப்போற 7 மி.மீ. ஓரத்துல உள்பக்கம் எண்ணெயோ ஃபினிஷோ படாம பாத்துக்கோங்க.

பின்பக்க லூப்பும் உள் ஓரமும்

இடுப்புப் பட்டை நுழையறதுக்கு பின்பக்கம் ரெண்டு லூப் வேணும். 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்துல ரெண்டு துண்டு, மடிப்புக்கு 3 செ.மீ. கீழ, ரெண்டுக்கும் நடுவுல 10 செ.மீ. விட்டு, மேலயும் கீழயும் தைங்க, நடுவுல 2 செ.மீ. பட்டை நுழையற அளவுக்கு கொஞ்சம் தளர்வா இருக்கட்டும். ரிவெட் அடிச்சா வேலை சுலபம்தான், ஆனா ரிவெட்டோட தலை நாள் முழுக்க கம்பளித்துணியில உரசி நூலை பிச்சிடும். ஸ்போரனோட முன்பக்கத்தை எல்லாரும் பாப்பாங்க, ஆனா கில்ட்டோட ஆயுசு அதோட பின்பக்கத்துலதான் இருக்கு, அங்க உலோகம் எதுவும் வெளிய தெரியவே கூடாது. செயின் பட்டை மாட்டணும்னு ஆசைப்பட்டா மட்டும் லூப்புக்கு பதிலா டி ரிங், அதாவது D வடிவ வளையம்.

முன்பக்கத்தோட மேல் ஓரம், மூடியோட ஓரம், கஸட்டோட ரெண்டு நுனி, இதை எல்லாம் இப்பவே பெவலரால முனை மழுக்கி, உப்புத்தாள் 240, அப்புறம் 400 போட்டு, தண்ணியோ டிராககாந்த்ங்கிற செடிப் பிசின் பசையோ தடவி மரக்கட்டையால வேகமா தேய்ங்க. சூடேறி கண்ணாடி மாதிரி மினுக்கும். உள்பக்க சொரசொரப்பையும் அதே பசை தடவி கண்ணாடி பாட்டில் பக்கவாட்டால தேய்ச்சு படிய வெச்சிடுங்க, தைக்கிற ஓரத்தை மட்டும் விட்டுட்டு. லைனிங் துணியெல்லாம் தேவையே இல்ல.

கஸட், கஷ்டமான இடம்

கஸட் பட்டையை தண்ணியில நனைச்சு, ரெண்டு பக்கமும் 7 மி.மீ.ல கோடு அழுத்தி, அந்தக் காதை வழவழப் பக்கமா மடிங்க. ஸ்கேல் விளிம்புல வெச்சு மடிச்சா நேரா வரும். இப்போ பட்டையை குறுக்க வெட்டிப் பாத்தா ஒரு அகலமான வாய்க்கால் மாதிரி இருக்கும், வாய்க்காலோட உள்பக்கம் வழவழப்பு, அதுதான் பைக்கு வெளிய தெரியப்போற பக்கம். ஈரமா இருக்கும்போதே முன்பக்கத் துண்டோட வளைவுல சுத்தி வெச்சு, காதை விரலால இழுத்து இழுத்து வளைவுக்கு படிய விட்டு, துணி கிளிப் போட்டு காய விடுங்க. வளைவுல காதோட வெளி ஓரம் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் இழுபடணும், மெல்லிசான வெஜ் டேன் ஈரத்துல இதுக்கு ஒத்துக்கும், 2 மி.மீ. தோலோ குரோம் தோலோ ஒத்துக்காது. அதான் கஸட்டுக்கு 1.2க்கு மேல வேணாம்னேன்.

காஞ்சதும் ஒட்டுற பக்கம் ரெண்டையும் உப்புத்தாளால சொரண்டி, சொல்யூஷனை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத பதம் வரைக்கும் காய விட்டு அப்புறம் அழுத்துங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு செய்யுங்க, அந்த வாசனை தலைவலி கொடுக்கும். ஒட்டும்போது ஒரு நுனியில இருந்து ஆரம்பிக்காதீங்க, கஸட்டோட நடு மையமும் முன்பக்கத்தோட கீழ் மையமும் முதல்ல சேரட்டும், அப்புறம் ரெண்டு பக்கமும் மேல. மிச்ச நீளம் ரெண்டு பக்கமும் சமமா நிக்கும், நறுக்கி விட்டு அந்த நுனியை மறுபடி தேய்ச்சுக்கோங்க.

ஒட்டினதும் முன்பக்கத்துல ஏற்கனவே இருக்கிற ஓட்டை வழியா குத்தூசியை விட்டு கஸட் காதையும் துளைங்க. காதுக்குப் பின்னாடி ஒரு பாட்டில் கார்க்கை வெச்சுக்கிட்டா குத்தூசி கையில ஏறாது, தோலும் நசுங்காது.

தையல்

சேடில் ஸ்டிச்னு பேரு, ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஒரு ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியும் எதிரெதிரா போகும். மெஷின் தையல்ல ஒரு இடம் அறுந்தா வரிசையா பிரிஞ்சுக்கிட்டே போகும், இதுல பிரியாது. தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேணும். மொத்த 47 செ.மீ.யையும் ஒரே நூல்ல தைக்கப் போனா ரெண்டேகால் மீட்டர் நூல் சிக்கிக்கிட்டு உயிரை எடுக்கும், அதனால கீழ் மையத்துல ஆரம்பிச்சு ஒரு பக்கம் மேல ஏற 1.3 மீட்டர், இன்னொரு பக்கத்துக்கு இன்னொரு 1.3 மீட்டர். மையத்துல ரெண்டு ஓட்டை ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி தைச்சா போதும்.

முதல் ஓட்டையில நூலை விட்டு ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக்கோங்க. அடுத்த ஓட்டையில இடது ஊசி முதல்ல, அது வெளிய வந்ததும் அந்த நூலை லேசா பின்னுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அதே ஓட்டையில வலது ஊசி, நூலுக்கு மேல போகுதா கீழ போகுதான்னு பாத்து கடைசி வரைக்கும் அதே மாதிரி. ரெண்டு கையாலயும் ஒரே பலத்துல இழுங்க. ஒரு ஓட்டையில இடது முதல்ல, அடுத்ததுல வலது முதல்லன்னு மாத்துனீங்கன்னா தையல் ஒழுங்கா சாய்ஞ்சு நிக்காம கோணல் மாணலா போகும். தைக்கும்போது பொருளைப் பிடிச்சுக்க முழங்காலுக்கு நடுவுல இறுக்குற மரப்பிடி கிடைக்கும், இல்லனா ரெண்டு பலகைத் துண்டுக்கு நடுவுல வெச்சு முழங்காலாலயே அழுத்திக்கலாம். ஊசி போகலைன்னா பல்லால இழுக்காம குறடால இழுங்க, பக்கவாட்டுல வளைச்சு இழுத்தா ஊசி உடையும்.

மேல பை வாய்கிட்ட வந்ததும் மூணு ஓட்டை பின்னாடி திரும்பத் தைங்க, கை போய் வந்து இழுவற இடம் அதுதான். பாலியஸ்டர் நூல்னா ஒட்ட நறுக்கி லைட்டரால லேசா உருக்கி அழுத்திடலாம். லினன் நூல்னா நெருப்பு வேலைக்கு ஆகாது, ஒரு துளி பசை.

இப்போ பின்பக்கம். அதே மாதிரி மையத்துல இருந்து ஒட்டி, முன்பக்க ஓட்டையும் பின்பக்க ஓட்டையும் நேருக்கு நேர் நிக்குதான்னு பாத்து, குத்தூசி, கார்க், தையல். முதல் பக்கத்தை விட இது கொஞ்சம் இடைஞ்சலா இருக்கும், ரெண்டு காதுக்கும் நடுவுல விரல் விட்டு ஊசியை வாங்கணும், அவசரப்படாம போங்க. முடிஞ்சதும் தையல் மேல மரச்சுத்தியால மெதுவா தட்டி படிய வெச்சு, சுத்தி இருக்கிற U ஓரத்தை உப்புத்தாள் போட்டு ரெண்டு அடுக்கும் ஒண்ணா தெரியற வரைக்கும் சமப்படுத்தி, சாயம் தொட்டு, தேய்ச்சு மினுக்கிடுங்க.

மூடி, ஸ்டட், குஞ்சம்

மூடி மடங்குற 3 செ.மீ. பகுதியை உள்பக்கமா ஈரத்துணியால நனைச்சு, பைக்குள்ள ரெண்டரை செ.மீ. தடிமன்ல ஒரு மரக்கட்டையை வெச்சு, அது மேல மூடியை மடக்கி கயித்தால கட்டி ஒரு நாள் முழுக்க காய விடுங்க. ஹேர் டிரையர், ஹீட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க, தோல் சுருங்கி கட்டையாகிடும்.

பூட்டுறதுக்கு உருண்டைத் தலை ஸ்டட் நல்லது, மூடியில ஒரு ஓட்டையும் அதுக்கு மேல சின்னக் கீறலும். பைக்குள்ள போன், பர்ஸ் எல்லாம் போட்டு மூடிப் பாத்து, மூடி ஓட்டை வழியா முன்பக்கத்துல குறி போட்டு அங்க ஸ்டட்டை திருகுங்க. காலிப் பையில குறிச்சா சாமான் போட்டதும் மூடி எட்டாது. உள்ள தெரியற ஸ்க்ரூ தலை மேல வட்டமா ஒரு தோல் துண்டை ஒட்டிடுங்க, போன் கீறாது. மேக்னட் பட்டன் சிலர் வைப்பாங்க, சட்டுனு திறக்கும் மூடும், ஆனா ஓட்டல் ரூம் சாவி கார்டு மாதிரி காந்தப்பட்டை இருக்கிறதை அது கெடுத்துடும்.

குஞ்சத்துக்கு 1 மி.மீ. தோல்ல 7 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்துல மூணு துண்டு. மேல 1.5 செ.மீ. விட்டுட்டு கீழ வரைக்கும் 3 மி.மீ. இடைவெளியில கீறிக்கிட்டே போங்க. 3 மி.மீ. வாரை மூடி ஓட்டையில கோத்து ரெண்டு நுனியையும் முன்னாடி தொங்க விட்டு, நுனியில ஒரு முடிச்சு. அந்த முடிச்சை நடுவுல வெச்சு, கீறாத பகுதியில பசை தடவி பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமா சுருட்டுங்க, மேல ஒரு மெல்லிய தோல் பட்டையை சுத்தி ஒட்டி ரெண்டு தையல். நடுக் குஞ்சம் மத்த ரெண்டை விட கொஞ்சம் கீழ தொங்கட்டும், ஸ்டட்டும் அதுக்குப் பின்னாடி மறைஞ்சிடும்.

மாட்டுறது

பட்டையை முதல் தடவை கடையில வாங்கிக்கறதே மேல், ஒன்றரை மீட்டர் பக்கம் நீளத்துக்கு ஒரே சீரான தோல் வேணும், சின்னத் துண்டு வாங்குறவங்களுக்கு அது கிடைக்காது. நீங்களே வெட்டுறதா இருந்தா கில்ட் போட்டுக்கிட்டு அதுக்கு மேல இடுப்பெலும்பு மட்டத்துல அளந்து, 25 செ.மீ. கூட்டிக்கோங்க. பக்கிள் முதுகுப்பக்கம் வரும். முன்னாடி கில்ட்டுக்கு மேல போடற தனி பெல்ட்டோட பக்கிளுக்கும் ஸ்போரன் மேல் ஓரத்துக்கும் நடுவுல ஒரு உள்ளங்கை அகலம் இடைவெளி இருக்கணும், ரொம்ப மேல ஏத்துனா வயித்துல ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருக்கும், கீழ இறக்குனா நடக்கும்போது தொடையில அடிக்கும். பட்டையில ஒரு இஞ்சுக்கு ஒரு ஓட்டையா அஞ்சாறு போட்டுக்கோங்க, ஏன்னா அங்கத்து கல்யாணத்துல கேலி (ceilidh)ங்கிற ஸ்காட்லாந்து கூட்டு டான்ஸ் ஆரம்பிச்சா எல்லாரும் ஸ்போரனை பட்டையோட இழுத்து இடுப்பு ஓரத்துக்கு தள்ளிட்டுத்தான் ஆடுவாங்க, கார் ஓட்டும்போதும் அப்படித்தான், அதுக்கு ஒரு ஓட்டை தளர்த்த வேண்டியிருக்கும்.

மழையில நனைஞ்சா துணியால ஒத்தி எடுத்து, உள்ள பழைய பேப்பரை அடைச்சு நிழல்ல காய வெச்சு, காஞ்சதும் ஒரு கை எண்ணெய். பாலிதீன் கவர்ல போட்டு வெக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும், காட்டன் பைதான் சரி.